மகளின் பேட்ச் ரொம்பப் பெரியது, ஒரு வருஷம் நிறுத்தி வைக்கலாமா?

கேள்வி: என் மகள் இந்த ஆண்டு பள்ளிப் படிப்பை முடித்துக் கல்லூரிக்குப் போக வேண்டும். அவள் பிறந்த ஆண்டில் குழந்தைகள் அதிகம். முதல் வகுப்பிலேயே இவர்களுக்காக ஒரு பிரிவு கூடுதலாகத் திறந்தார்கள். மேல் வகுப்புக்கு வந்தபோது லேபில் மூன்று பேருக்கு ஒரு மைக்ராஸ்கோப். இப்போது கல்லூரி வாசலிலும் இதே கூட்டம். 'இதுவரை இல்லாத எண்ணிக்கை' என்று பார்க்கிறவர்களெல்லாம் சொல்கிறார்கள். மகள் நன்றாகப் படிப்பவள்தான். இருந்தாலும் ஒரு வருஷம் நிறுத்திவிட்டு, கூட்டம் வடிந்த பிறகு அனுப்பலாமா என்று யோசிக்கிறேன். அவள் அப்பாவுக்கு இதில் உடன்பாடில்லை. அவளோ ஒன்றும் சொல்லாமல் அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறாள். என்ன செய்யட்டும்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

சகோதரிக்கு,

நிறுத்த வேண்டாம். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், காரணம் பிறகு.

நான் ஒரு கல்லூரியின் அட்மிஷன் பிரிவில் 26 வருஷம் வேலை பார்த்தவன். பெரிய பேட்ச் வருகிற வருஷங்களில் கவுன்டருக்கு அந்தப் பக்கம் நிற்கிற பெற்றோரின் முகம் எனக்கு நன்றாகப் பழக்கம். பிள்ளையின் பெயரைச் சொல்வதற்கு முன்பே, "இந்த வருஷம் ரொம்பக் கூட்டமாமே சார்" என்றுதான் பேச்சைத் தொடங்குவார்கள். அந்தக் கூட்டத்தில் பாதி நிஜம். மீதி பாதி, பயத்தில் பெருகியது. எப்படி என்று சொல்கிறேன்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு வருஷம் 10,000 மாணவர்கள், ஆளுக்கு ஐந்து கல்லூரிக்கு விண்ணப்பிக்கிறார்கள். மொத்தம் 50,000 விண்ணப்பம். அடுத்த வருஷம் பேட்ச் கொஞ்சம் பெரியது, 11,000 பேர். ஆனால் 'கூட்டம் கூட்டம்' என்று கேட்டுக் கேட்டு மிரண்டுபோய், ஆளுக்கு எட்டு இடத்தில் போட்டு வைக்கிறார்கள். இப்போது 88,000. மாணவர்கள் கூடியது பத்து சதவீதம்தான். விண்ணப்பங்களோ 76 சதவீதம் கூடிவிட்டன. செய்தியில் வருவது பெரும்பாலும் இந்த இரண்டாவது எண். அதைப் படித்துவிட்டு, இன்னும் இரண்டு விண்ணப்பம் வாங்கி வைப்போம் என்று கிளம்புகிறவர்களும் உண்டு. தலைகளை எண்ணுங்கள், தாள்களை எண்ணாதீர்கள்.

சரி, தலைகளே கூடிவிட்டால்? அப்படியும் நடந்திருக்கிறது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் பள்ளிப் படிப்பு முன்பு 13ஆம் வகுப்பு வரைக்கும் இருந்தது. அதை 12 வகுப்பாகக் குறைத்தார்கள். 1999இல் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தவர்களுக்குப் புதிய பாடத்திட்டம். விளைவு, 2003இல் பழைய முறையின் கடைசி பேட்சும் புதிய முறையின் முதல் பேட்சும் ஒன்றாக வெளியே வந்தன. 'இரட்டை பேட்ச்' என்றே அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள். அந்த வருஷம் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்த மாணவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். முந்தைய வருஷத்தைவிட ஏறக்குறைய பாதி கூடுதல். இது தாள் கணக்கு இல்லை, ஆள் கணக்கு.

உங்களுக்கு வந்த யோசனை அங்கேயும் பலருக்கு வந்தது. கூடுதல் பாடங்களை எடுத்து அவசரமாக முடித்து 2002இலேயே கல்லூரிக்குள் போய்விட்டவர்கள் உண்டு. பள்ளியிலேயே இன்னும் கொஞ்ச காலம் தங்கி, தள்ளிப்போட்டவர்களும் உண்டு. ஆகவே கூட்டம் அந்த ஒரு வருஷத்தோடு நிற்கவில்லை, முன்னும் பின்னும் வழிந்தது. நெரிசலுக்குப் பயந்து எல்லோரும் அடுத்த பஸ்ஸுக்கு நின்றால் அடுத்த பஸ் எப்படி இருக்கும்? ஒருவர் மட்டும் ரகசியமாகச் செய்தால்தான் பலிக்கிற தந்திரம் இது. உங்கள் தெருவில் இன்னும் எத்தனை வீட்டில் இதே பேச்சு நடக்கிறதோ!

ஒரு வருஷம் தள்ளினால் உண்மையிலேயே காலியான வாசல் கிடைக்கிற ஊரும் இருக்கிறது, மறுக்கவில்லை. ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில் மேல்நிலைப் பள்ளிப் படிப்பை ஒன்பது வருஷத்திலிருந்து எட்டாகக் குறைத்தார்கள்; 2011இல் அங்கே இரட்டை பேட்ச் வந்தது. அதே வருஷம் ஜூலையில் நாடு முழுக்கக் கட்டாய ராணுவச் சேவையும் நிறுத்தப்பட்டது. ராணுவத்துக்குப் போயிருக்க வேண்டிய பையன்களும் சேர்ந்துகொள்ள, ஜெர்மனியில் புதிதாகக் கல்லூரிக்கு வந்தவர்கள் ஐந்து லட்சத்தைத் தாண்டினார்கள். இடம் போதாமல் சினிமா தியேட்டரை வாடகைக்கு எடுத்து வகுப்பு நடத்திய இடங்கள் உண்டு. பிறகு பவேரியா மனம் மாறி மறுபடியும் ஒன்பது வருஷத்துக்கே திரும்பியது. அதனால் 2025இல் வழக்கமான பேட்சே இல்லை, வாசல் கிட்டத்தட்டக் காலி. ஆனால் இதெல்லாம் பள்ளி ஆண்டைக் கூட்டிக் குறைத்ததால் வந்த மேடும் பள்ளமும். உங்கள் மகளின் பேட்ச் பெரிதாக இருப்பது பிறப்பு எண்ணிக்கையால். அந்த வகைக் கூட்டம் பெரும்பாலும் ஒரு வருஷத்தில் வடியாது. பின்னால் வருகிற பேட்சையும் ஒருமுறை எட்டிப் பாருங்கள். மகள் படிக்கும் பள்ளியிலேயே ஒரு வகுப்பு கீழே எத்தனை பிரிவு என்று கேட்டால் பாதி விடை கிடைத்துவிடும்.

(விதிவிலக்கு இல்லாமல் இல்லை. ஜப்பானில் 1966ஆம் ஆண்டு ஒரு பழைய நம்பிக்கையின்படி பெண் குழந்தைக்கு ஆகாத வருஷம். 1965இல் சுமார் 18 லட்சம் பிறப்பு, 1966இல் 13.6 லட்சம், 1967இல் மறுபடியும் 19 லட்சத்துக்கு மேல். 65இல் பிறந்த ஒருவர் சரியாக ஒரு வருஷம் தள்ளிப் போட்டிருந்தால் நல்ல யோகம். இரண்டு வருஷம் தள்ளியிருந்தால் மாட்டிக்கொண்டிருப்பார்.)

பேட்ச் எவ்வளவு பெரியது என்பதைவிட, அதற்கு யார் எவ்வளவு இடம் போட்டு வைத்தார்கள் என்பதுதான் விஷயம். ஹாங்காங்கைப் பாருங்கள். 2012இல் அங்கேயும் இரட்டை பேட்ச். பழைய தேர்வு எழுதியவர்களுக்கு மூன்று வருஷப் பட்டப்படிப்பு, புதிய தேர்வு எழுதியவர்களுக்கு நான்கு வருஷம். இரண்டு கூட்டத்துக்கும் தனித்தனியாக இடம் ஒதுக்கிவிட்டார்கள். ஆக, ஒரு பேட்சின் சீட்டை இன்னொரு பேட்ச் பறிக்கவில்லை. வகுப்பறையும் நூலகமும்தான் நெருக்கடியாயின. அதோடு ஒரு பேட்ச் 2015இல் பட்டம் வாங்கியது, இன்னொன்று 2016இல். உள்ளே ஒன்றாக நுழைந்தவர்கள் வேலைக்குப் போகும்போது ஒன்றாக முட்டிக்கொள்ளவில்லை. இது தானாக நடந்த நல்லது இல்லை, பல வருஷம் முன்பே கணக்குப் போட்டுச் செய்தது.

கல்லூரிகளுக்கு உங்கள் மகளின் பேட்ச் ஆச்சரியமே இல்லை. அவள் முதல் வகுப்பில் உட்கார்ந்த அன்றே அந்த எண்ணிக்கை தெரிந்துவிட்டது. சில கல்லூரிகள் அதை வைத்துத் திட்டமிட்டிருக்கும். சில, ஜூன் மாதம்தான் கண்ணைத் தேய்த்துக்கொண்டு எழுந்திருக்கும். எது எந்த ரகம் என்று கண்டுபிடிப்பதுதான் இப்போது உங்கள் வேலை.

கூட்டம் நிஜமாகவே எங்கே உறுத்தும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வாசலில் இல்லை, உள்ளே. ஒரு வருஷம் எங்கள் கணக்குத் தப்பி, எதிர்பார்த்ததைவிட அதிகம் பேர் வந்து சேர்ந்துவிட்டார்கள். 180 பேர் உட்காரும் ஹாலில் 230 பேர். முதல் வாரம் படிக்கட்டில் உட்கார்ந்து, முழங்கால் மேல் நோட்டை வைத்து எழுதினார்கள். இரண்டாம் வாரம் ஜன்னல் திட்டில் சாக்பீஸால் பெயர் எழுதி இடம் பிடிக்க ஆரம்பித்தார்கள். ஒரு பெண் தினமும் முக்கால் மணி நேரம் முன்பே வந்து முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பாள். ஏன் இவ்வளவு சீக்கிரம் என்று கேட்டேன். "பின்னால உட்கார்ந்தா போர்டு தெரியல சார், கண்ணாடி மாத்தணும்" என்றாள். கூட்டத்தைப் பற்றி அவளுக்குப் புகாரே இல்லை! விடுதியில்தான் பெரிய சங்கடம். படிப்பு அறையைக் காலி செய்து 14 கட்டில் போட்டோம். முதல் செமஸ்டர் முடியும்வரை அந்தப் பிள்ளைகளுக்குத் தூங்கவும் படிக்கவும் ஒரே அறை. அந்த 14 பேரின் முதல் செமஸ்டர் மதிப்பெண்ணைப் பார்த்தபோது எனக்குக் குற்ற உணர்வாக இருந்தது.

கணக்கு எப்படித் தப்புகிறது என்று கேட்பீர்கள். ஒவ்வொரு மாணவரையும் கல்லூரியே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிற முறையில், 100 சீட்டுக்கு 100 பேரை மட்டும் கூப்பிட மாட்டார்கள். கூப்பிட்டவர்களில் பாதிப் பேர் வேறு இடம் போய்விடுவார்கள் என்று அனுபவத்தில் தெரியும், எனவே 200 பேருக்கு இடம் தருவதாகக் கடிதம் போகும். பெரிய பேட்ச் வருஷத்தில் இந்த அனுபவம் கைகொடுக்காது. எட்டு இடத்தில் விண்ணப்பித்தவர் எங்கே போவார் என்று யாருக்குத் தெரியும்? பயந்த கல்லூரி முதல் சுற்றில் குறைவாகவே கூப்பிட்டு, மீதிப் பேரைக் காத்திருப்போர் பட்டியலில் வைக்கும். அதனால் அப்படிப்பட்ட வருஷத்தில் வெயிட்டிங் லிஸ்ட் என்பது வழக்கத்தைவிட நீளமாக இருக்கும், கடைசி நேரத்தில் நகரவும் செய்யும். மகளின் பெயர் அதில் வந்தால் வீட்டில் துக்கம் கொண்டாட வேண்டாம். கையில் உறுதியான ஒரு சீட்டை வைத்துக்கொண்டு, போனை அணைக்காமல் இருங்கள். தரவரிசைப்படி பொதுக் கலந்தாய்வு நடக்கிற இடமென்றால் இந்த விளையாட்டு இல்லை. அங்கே பார்க்க வேண்டியது ஒன்றுதான்: அந்தப் பாடப்பிரிவின் சீட் இந்த வருஷம் கூடியிருக்கிறதா, அப்படியே இருக்கிறதா.

தைரியமாகக் கூப்பிட்டுவிட்டுப் பிறகு திண்டாடியவர்களும் உண்டு. கொரோனா காலத்தில் பிரிட்டனில் தேர்வு நடக்காமல், ஆசிரியர்கள் மதிப்பிட்ட கிரேடையே கொடுத்தார்கள். நிறைய பேர் நல்ல கிரேடோடு வந்து நின்றார்கள். மருத்துவத்தில் இடம் வழிந்துபோய், 2021இல் வேறு மருத்துவக் கல்லூரிக்கு மாறிக்கொள்கிற மாணவர்களுக்கு 10,000 பவுண்டு தருகிறோம் என்று சொல்ல வேண்டியதாகிவிட்டது.

மகள் தேர்ந்தெடுத்திருக்கிற கல்லூரிகளில் நேராகக் கேளுங்கள். போன வருஷம் இந்தப் பாடத்தில் எத்தனை பேர், இந்த வருஷம் எத்தனை? முதல் வருஷ மாணவர்கள் எல்லோருக்கும் விடுதியில் இடம் உறுதியா, எழுத்தில் தருவீர்களா? பிராக்டிகல் வகுப்பில் ஒரு பிரிவுக்கு எத்தனை பேர்? இதற்கு எண்ணாகப் பதில் சொல்கிற கல்லூரியை நம்பலாம். "அதெல்லாம் பார்த்துக்கலாம்மா" என்று சொல்கிற இடத்தில் ஜாக்கிரதை. நானே சில வருஷம் அப்படிச் சொல்லியிருக்கிறேன், எப்போது சொல்வோம் என்று எனக்குத் தெரியும்.

இன்னொன்று. உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்த வரி கூட்டத்தைப் பற்றியதே இல்லை, அந்த மூடிய கதவுதான். 'உன் பேட்ச் மோசமான பேட்ச்' என்ற பேச்சை அவள் எத்தனை மாதமாகக் கேட்கிறாளோ. தான் பிறந்த வருஷத்துக்கு அவள் என்னம்மா செய்வாள்? மூன்று பேருக்கு ஒரு மைக்ராஸ்கோப் என்று எழுதியிருந்தீர்கள். முதல் வகுப்பிலிருந்து நெரிசலிலேயே வளர்ந்த பெண் அவள். அதில் காரியம் சாதிக்க உங்களையும் என்னையும்விட அவளுக்குத் தெரியும். அப்புறம், ஒரு வருஷம் நிற்பது பற்றி அவளிடம் கேட்டீர்களா? அவளுக்கே ஒரு காரணம் இருந்து, உடம்பு, வேலை, இன்னொரு தேர்வு என்று ஏதாவது இருந்து நிற்க விரும்பினால் அது வேறு பேச்சு, நான் குறுக்கே வர மாட்டேன். கூட்டத்துக்குப் பயந்து நீங்கள் நிறுத்தினால், உடன் படித்தவர்கள் எல்லோரும் கல்லூரி போன பிறகு அந்த வருஷம் முழுக்க அவள் வீட்டில் என்ன செய்வாள் என்பதை நீங்கள்தான் யோசிக்க வேண்டும்.

அவள் அப்பாவிடம் இந்தப் பதிலைக் காட்டி 'பார்த்தியா' என்று சொல்ல வைத்துவிடாதீர்கள், அவருக்கும் ஒரு வேலை இருக்கிறது. சில கல்லூரிகளில் விடுதி விண்ணப்பம் அட்மிஷனுக்குக் காத்திருக்காமல் தனியாக, முன்கூட்டியே முடிந்துவிடும். பெரிய பேட்ச் வருஷத்தில் அந்தத் தேதியைத் தவறவிட்டவர்கள்தான் எங்கள் படிப்பு அறைக் கட்டிலுக்கு வந்தவர்கள். அந்தத் தேதிகளை இந்த வாரமே விசாரித்து எழுதி வைக்கச் சொல்லுங்கள்.