ஸ்பைரல் மொடல் பரீட்சைக்கு மட்டும்தானா?

கேள்வி: கம்பஸில் மென்பொருள் செய்யும் முறைகளில் ஸ்பைரல் மொடல் என்று ஒன்றைப் படிக்கிறோம், வெளியே வேலை செய்கிறவர்கள் எல்லாரும் ஸ்க்ரம் (வேலையைக் குறுகிய தவணைகளாகப் பிரித்துச் செய்யும் முறை) என்கிறார்கள். நாலைந்து பேர் உள்ள சின்ன டீமுக்கு, ஸ்பைரல் சொல்வதுபோல றிஸ்க்கைப் பார்த்து சுற்றுச் சுற்றாக வேலை செய்யும் முறை உண்மையில் உதவுமா?

உதவும். அந்தச் சுருள் படத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு, அதற்குள் இருக்கிற கேள்வியை மட்டும் எடுங்கள்: இந்த புரொஜெக்ட் படுத்தால் எதனால் படுக்கும்? அதைத்தான் முதல் சுற்றில் தொட வேண்டும். லொகின் பேஜ் ஆறுதலாக வரட்டும்.

நாங்கள் சுன்னாகம் பக்கம் ஒரு ஹார்ட்வெயார் கடைக்கு பில்லிங் சிஸ்டம் செய்தோம். ஸ்டொக், விற்பனை, மாதக் கணக்கு, யார் எதைத் திறக்கலாம் என்று வேலைப்பட்டியல் நீளம்தான், ஆனால் அதில் பெரும்பாலானவை எந்தக் கடைக்கும் செய்கிற வேலை, நேரம் எடுக்குமே தவிர முடியாமல் போகாது. முடியாமல் போகக்கூடியவை இரண்டு. ஒன்று, பில் தமிழில் வர வேண்டும். மற்றது, பல வருடமாக பாமினி என்ற பழைய தமிழ் ஃபொன்டில் தட்டி வைத்திருந்த சாமான் பட்டியலை அப்படியே ஏற்ற வேண்டும். அதனால் முதல் தடவை கடைக்குப் போனபோது எங்கள் கையில் பிறின்டரும் ஒரு சின்ன நிரலும்தான். "என்ன தம்பி, ஸ்கிரீன் ஒண்டும் காட்டாமல் பிறின்டரைத் தூக்கிக்கொண்டு வந்து நிக்கிறியள்?" என்றார் முதலாளி.

காரணம் இருந்தது. கடைகளில் இருக்கிற மலிவான தேர்மல் பிறின்டர்களில் பெரும்பாலும் தமிழ் எழுத்தே கிடையாது, யூனிகோட் (எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) எழுத்தை நேரே அனுப்பினால் கேள்விக்குறியோ கண்டபடி குறிகளோதான் வரும். பில்லைப் படமாக வரைந்து அனுப்பலாம். ஆனால் நீளமான பில் என்றால் சில பிறின்டர்கள் இழுத்து இழுத்துத்தான் அடிக்கும், கவுண்டரில் ஆட்கள் நிற்கும்போது அது சரிவராது. இதை அந்தக் கடையின் பிறின்டரிலேயே அடித்துப் பார்த்தால்தான் தெரியும்.

பாமினி இன்னும் சுவாரசியம். அதில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில்தான் உட்கார்ந்திருக்கின்றன, கொம்பும் கண்ணுக்குத் தெரிகிற ஒழுங்கிலேயே மெய்க்கு முன்னால் இருக்கும், யூனிகோடில் அது பின்னால். மாற்றித் தருகிற கருவிகள் நிறைய இருக்கின்றன, அது பிரச்சினையில்லை. எக்ஸெலில் ஒரே கொலத்தில் சில பெயர்கள் பாமினியில், சில பெயர்கள் வெறும் ஆங்கிலத்தில் என்று கலந்து கிடந்ததுதான் பிரச்சினை. அதை சீஎஸ்வியாக (வெறும் எழுத்தை மட்டும் வைத்திருக்கிற கோப்பாக) எடுத்த உடனேயே ஃபொன்ட் விபரம் போய்விடும், எது தமிழ் எது ஆங்கிலம் என்று பிரிக்க வழியே இல்லை. எக்ஸெல் கோப்பிலிருந்து ஒவ்வொரு செல்லின் ஃபொன்ட் பெயரையும் சேர்த்து வாசித்துத்தான் பிரித்தோம். இது கடைசி வாரத்தில் தெரியவந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நீங்களே யோசியுங்கள். நம்மூரில் வீடு கட்ட முதல் கிணற்றுத் தண்ணீர் நல்ல தண்ணீரா உவரா என்று பார்க்காமல் யாராவது காணி வாங்குவார்களா?

இதெல்லாம் புதுக்கதையும் இல்லை. அமெரிக்க மென்பொருள் அறிஞர் பரீ போம் ஸ்பைரல் மொடலை 1986இல் எழுதி, 1988இல் விரிவாக வெளியிட்டார். அதற்கும் முன்னால் 1970இல் வின்ஸ்டன் ரொய்ஸ் எழுதிய கட்டுரையைத்தான் எல்லாரும் வோட்டர்ஃபோலுக்கு (ஒரு கட்டம் முடிந்த பிறகே அடுத்த கட்டம் என்று இறங்குகிற முறை) மேற்கோள் காட்டுகிறார்கள். அந்த மனிதரோ படிப்படியாக இறங்குகிற படத்தைப் போட்டுவிட்டு, இப்படியே செய்தால் ஆபத்து என்று அதே கட்டுரையில் எழுதியிருக்கிறார். வேகம், நினைவகம், உள்ளீடு வெளியீடு எல்லாம் கடைசியில் சோதிக்கும்போதுதான் முதல் தடவையாக நிஜத்தில் தெரியவருகிறது, அதுவரை எல்லாம் தாளில்தான் என்பது அவர் சொன்ன காரணம். எங்கள் பிறின்டர் கதையும் அதேதான்.

ஸ்க்ரம்மோடு இதற்குச் சண்டை ஒன்றும் கிடையாது. இரண்டு வாரத்துக்கு ஒரு ஸ்பிரின்ட் என்பது சுற்றின் நீளம், அந்தச் சுற்றுக்குள் எதை முதலில் போடுவது என்பது வேறு விஷயம். வாடிக்கையாளருக்கு வடிவாகக் காட்டக்கூடியதையே ஒவ்வொரு ஸ்பிரின்டிலும் செய்துகொண்டு, கஷ்டமானதைத் தள்ளிக்கொண்டே போகிற டீம்கள் எத்தனையோ உண்டு. டெமோ எல்லாம் கைதட்டலோடு போகும், பிறகு ஒரு நாள் வங்கியின் பேமென்ட் இணைப்பில் போய் இடிபடும். என்னைக் கேட்டால் அது துண்டு துண்டாக வெட்டின வோட்டர்ஃபோல், வேறொன்றுமில்லை. (போமே பின்னாளில், வோட்டர்ஃபோல்களை வரிசையாக அடுக்கிவிட்டு அதை ஸ்பைரல் என்று சொல்லாதீர்கள் என்று எழுதவேண்டி வந்தது.)

சின்ன டீமுக்கு பெரிய றிஸ்க் ரெஜிஸ்டர் (றிஸ்க்குகளை எழுதி வைக்கிற பதிவேடு) எல்லாம் தேவையில்லை. நடக்கிற வாய்ப்பு எவ்வளவு, நடந்தால் நட்டம் எவ்வளவு, இரண்டையும் பெருக்கினால் வருவதுதான் அந்த றிஸ்க்கின் அளவு. சரியான எண் கிடைக்காது, கூட, குறைய, நடு என்று போட்டாலே வரிசை வந்துவிடும். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் அந்த வரிசையைத் திரும்பப் பாருங்கள், ஏனென்றால் மேலே இருந்தது கீழே இறங்கி, யாரும் நினைக்காத ஒன்று மேலே வந்திருக்கும். எங்களுக்கு பிறின்டர் தீர்ந்ததும், கரண்ட் போனால் பாதியில் நிற்கிற பில்லை என்ன செய்வது என்பது முதலிடத்துக்கு வந்தது.

இன்னொன்று, சுற்று முடிவில் "இதோடு நிறுத்துவோம்" என்று சொல்லவும் இடம் இருக்க வேண்டும். முழு வேலைக்கும் ஆரம்பத்திலேயே ஒரே விலை பேசிவிட்டால் அந்த இடம் போய்விடும், அதனால் முதல் சுற்றுக்குத் தனியாக ஒரு சின்னத் தொகை பேசுவது நல்லது. முதலாளிமாருக்கு இதை விளங்கப்படுத்துவது லேசில்லை, பிறின்டரில் வந்த தமிழ் பில்லைக் கையில் கொடுத்த பிறகு பேசினால் கொஞ்சம் சுகம்.

பரீட்சைக்கு என்றால்: ஒவ்வொரு சுற்றிலும் நாலு பகுதி. நோக்கமும் மாற்று வழிகளும் கட்டுப்பாடுகளும், றிஸ்க்கை ஆராய்ந்து தீர்ப்பது, செய்து சரிபார்ப்பது, அடுத்த சுற்றைத் திட்டமிடுவது. மையத்திலிருந்து வெளியே போகிற தூரம் அதுவரை ஆன மொத்தச் செலவு, சுற்றி வருகிற கோணம் அந்தச் சுற்றின் முன்னேற்றம். படம் கீறும்போது இந்த இரண்டையும் மறக்காமல் குறித்துவிடுங்கள்.