அந்த 'இருந்தால்' வேண்டாம்

தோழி நம்பிச் சொன்ன ரகசியத்தை வெளியே சொல்லிவிட்டு, பழியை வேறொருவர் மீது போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். "மனம் புண்பட்டிருந்தால் மன்னித்துவிடு" என்று அனுப்பியும் பதில் இல்லை என்கிறீர்கள். எப்படி வரும்? அந்த 'இருந்தால்'தான் சிக்கல். "நான்தான் சொன்னேன், பயந்து பொய்யும் சொன்னேன்" என்று நேரில் சொல்லுங்கள். காரணங்களை அடுக்காதீர்கள். பழி சுமந்தவரிடமும் போக வேண்டும். அவரைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதாததுதான் எனக்கு உறுத்தியது.

நானும் என் அண்ணனிடம் இதே 'இருந்தால்' மன்னிப்பைக் கேட்டேன். இரண்டு ஆண்டுகள் பேச்சே இல்லை. பிறகு ஒருநாள் வாசலில் நின்று, "உன் பணத்தை எடுத்தது நான்தான்" என்றேன். ஒன்றும் சொல்லாமல் நாற்காலியை இழுத்துப் போட்டான். மன்னித்துவிட்டானா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. நீங்களும் தோழியிடம் உடனே கேட்டு நச்சரிக்காதீர்கள்.