இரும்புக் கைப்பிடிக்கு நானோ பொடி கலக்கலாமா?

கேள்வி: திருவொற்றியூரில் கடற்கரையை ஒட்டி வீடு. மாடிப்படியின் இரும்புக் கைப்பிடிக்கு எந்த பெயின்ட் அடித்தாலும் ஒரு வருஷத்தில் கொப்புளித்து உரிகிறது. எபாக்சியில் நானோ பொடி கலந்தால் துரு அண்டாது என்கிறார் பெயின்டர். லிட்டருக்கு எவ்வளவு போடுவது?
– வாசகி, திருவொற்றியூர்

பதில்: போட வேண்டாம். பொடியில் குற்றமில்லை, டப்பாவில் கொட்டிக் குச்சியால் கிண்டுவதில்தான் கோளாறு.

எபாக்சி படலத்துக்குள்ளும் ஈரமும் ஆக்சிஜனும் மெல்ல இறங்கும். நானோ பொடியாக வரும், ஒரு நானோமீட்டர் (மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) தடிமனுள்ள களிமண் தகடுகள் அதில் படுக்கையாகப் பரவியிருந்தால், ஈரம் சுற்றிச் சுற்றித்தான் இரும்பை எட்ட வேண்டும். தகடுகள் ஒவ்வொன்றாகப் பிரிந்தால்தான் இந்தப் பலன். தொழிற்சாலையில் அதிவேக மிக்சரிலும் அரைவை மில்லிலும் பிரிக்கிறார்கள். அதுவும் பெரும்பாலும் எடையில் 1, 2 சதவீதம்தான். கையால் கிண்டினால் பொடி கட்டி தட்டும், கட்டியைச் சுற்றி ஓட்டை விழும், ஈரத்துக்கு அதுவே குறுக்குவழி. பெயின்டும் கெட்டியாகும், உடனே தின்னரை ஊற்றுவார்கள், படலம் மெலிந்துவிடும். பொடி கிராஃபீன் (மெல்லிய கார்பன் தகடு) என்றால் கூடுதல் ஆபத்து. அது மின்சாரம் கடத்துவதால், கீறல் விழுந்த இடத்தில் இரும்பை இன்னும் வேகமாக அரிக்க வைக்கலாம்.

உங்கள் கொப்புளத்துக்குப் பெரும்பாலும் காரணம் பெயின்டுக்கு அடியில் சிக்கிய உப்பு. அது ஈரத்தை உறிஞ்சிப் படலத்தைத் தூக்குகிறது. அதனால் சுரண்டும் முன்பே நல்ல தண்ணீரில் கழுவுங்கள். இல்லையென்றால் வயர் பிரஷ் உப்பை இரும்புக்குள் தேய்த்துவிடும். சுரண்டிய பிறகு மறுபடி கழுவுங்கள். மெட்ரோ தண்ணீர்தான், போர் தண்ணீர் உப்பாக இருந்தால் கழுவியே பயனில்லை. காய்ந்ததும் அன்றைக்கே முதல் கோட் போட வேண்டும், ஓர் இரவு விட்டால் உப்புக் காற்று மறுபடி படிந்துவிடும். வெயில் ஏறிய பின் தொடங்கி மூன்று மணிக்குள் முடியுங்கள். ஈரப்பதம் 85 சதவீதத்தைத் தாண்டினால் அன்று வேலை வேண்டாம்.

கையால் சுரண்டிய இரும்புக்கு எபாக்சி மாஸ்டிக் (கெட்டியாக அடிக்கும் எபாக்சி பெயின்ட்) பொருந்தும். துத்தநாகத் தூள் நிறைந்த ஜிங்க்-ரிச் பிரைமருக்கு பிளாஸ்டிங் (துகள்களை வேகமாக அடித்துத் துருவை நீக்குவது) செய்த பரப்பு வேண்டும். வெல்டிங் மூட்டு, ஓரங்களில் முதலில் பிரஷ்ஷால் தனியாக ஒரு கை. பிறகு காய்ந்த நிலையில் 100 மைக்ரான் (0.1 மி.மீ.) வீதம் இரண்டு கோட். வெயிலில் எபாக்சி வெளிறிப் பொடியும், ஆகவே மேலே பாலியூரித்தேன் ஒரு கோட். பெயின்டை இறுக வைக்கக் கலக்கும் ஹார்ட்னர் அளவை டப்பாவில் உள்ளபடியே அளந்து ஊற்றுங்கள். கண்மதிப்பு கூடாது.

கேள்வி: நானோ என்று அச்சிட்ட பெயின்டையே வாங்கினால்?
– அதே வாசகி

பதில்: வாங்கலாம். டேட்டா ஷீட் கேளுங்கள்: உப்புத்தூவல் சோதனை (உப்பு நீரைத் தூவித் துருப் பிடிக்கிறதா என்று பார்ப்பது) எத்தனை மணி நேரம், எத்தனை மைக்ரானில், எந்த மாதிரி சுத்தம் செய்த இரும்பில்? மூன்றும் இல்லாவிட்டால் அந்தப் பணத்தில் கூடுதலாக ஒரு கோட் மாஸ்டிக் அடித்துவிடுங்கள்.