காத்து அடிக்குது, காத்தாடி ஏன் நிக்குது?

கேள்வி: ஆடி மாசம் நாகர்கோவிலுக்கு பஸ்ல போறப்ப முப்பந்தல்ல பார்த்தேன், காத்து ஆளையே தள்ளுது, ஆனா காத்துலருந்து கரண்ட் எடுக்கிற காத்தாடி பத்து வரிசையா சும்மா நிக்குது. எல்லாமே ரிப்பேரா? (வாசகி, வள்ளியூர்)

பதில்: ஒண்ணு ரெண்டு ரிப்பேரா இருக்கலாம்மா, அந்தப் பக்கம் 90கள்ல நட்ட மெஷினெல்லாம் உண்டு. ஆனா பத்தும் ஒண்ணா நின்னா அனேகமா கரண்ட் வரத்தையும் செலவையும் பார்த்துக்கிற கன்ட்ரோல் ரூம்லருந்து நிறுத்தச் சொல்லியிருப்பாங்க. கரண்ட்டை நெல்லு மாதிரி குதிர்ல கொட்டி வைக்க முடியாது, இந்த செகண்ட் நாம எவ்வளவு இழுக்கிறோமோ அவ்வளவுதான் இந்த செகண்ட் உற்பத்தியாகணும், கூடினாலும் வம்பு, குறைஞ்சாலும் வம்பு. அதை நாடி பிடிச்சு பார்க்கிறது ஃப்ரீக்வென்சியை வச்சுதான், அதாவது கரண்ட் ஒரு செகண்டுக்கு எத்தனை தடவை முன்னும் பின்னும் ஆடுதுங்கிற கணக்கு. நம்ம நாட்டுல 50 ஹெர்ட்ஸ், 49.90க்கும் 50.05க்கும் நடுவுல நிக்கணும்.

இப்ப ஆடி மாசம் ராத்திரி 2 மணியை யோசிங்க, ஊரே தூங்குது, காத்து மட்டும் பேயா அடிக்குது. ரூல்படி காத்து, சோலார் கரண்ட்டைத்தான் முதல்ல எடுத்துக்கணும், அதனால நிலக்கரி ஸ்டேஷனோட உற்பத்தியை இறக்குவாங்க. ஆனா அதை அதோட முழு திறன்ல 55 சதவீதத்துக்கு கீழ இறக்குறது கஷ்டம், சரின்னு பாய்லரையே ஆஃப் பண்ணிட்டா திரும்ப சூடேத்த பல மணி நேரம் ஆகும், சாயங்காலம் லோடு, அதாவது நாம இழுக்கிற கரண்ட், ஏறும்போது நாம கத்துவோம். சில நாள் கரண்ட்டை கொண்டு போற லைனே நிரம்பிடும். கடைசியில அடி வாங்குறது காத்தாடிதான்.

மிச்சத்தை வடக்கே அனுப்பலாமேன்னு கேப்பீங்க. அனுப்புறாங்க. தென்னிந்திய கிரிட், அதாவது கரண்ட்டை ஊர் ஊரா கொண்டு போற லைன் வலை, நாட்டோட மத்த பகுதி கிரிட்டோட முழுசா சேர்ந்ததே 2013 டிசம்பர் 31லதான், அப்புறம் ராய்கர்–புகளூர் லைன் வந்துச்சு, 6,000 மெகாவாட், சத்தீஸ்கர் கரண்ட் இங்க வரவும் நம்ம காத்து கரண்ட் அங்க போகவும் ரெண்டு பக்கமும் ஓடும். இருந்தும் காத்தாடி நிக்குதுன்னா, என் கணக்குல, மெஷின் நட்ட வேகத்துல நாம லைன் இழுக்கல.

கேள்வி: பகல்ல சோலார் அவ்வளவு வருதுங்கிறாங்க, சூரியன் இறங்கினா என்ன பண்ணுவாங்க? (வாசகர், உடுமலைப்பேட்டை)

பதில்: உங்களுக்கு இந்தக் கேள்வி வரலாமா சார்? பதில் உங்க ஊருக்கு மேல ஆனைமலையிலயே இருக்கு, காடம்பாறை! மலைக்குள்ள குடைஞ்சு கட்டின பவர் ஹவுஸ், 100 மெகாவாட்ல நாலு மெஷின். கரண்ட் மிஞ்சுற நேரத்துல கீழ இருக்கிற 'மேல் ஆழியாறு' அணையிலருந்து தண்ணியை மேல ஏத்துவாங்க, தேவைப்படும்போது அதே தண்ணியை இறக்கி அதே மெஷினை சுத்த விடுவாங்க. நாலு யூனிட் செலவழிச்சா சுமார் மூணுதான் திரும்ப கிடைக்கும், நஷ்டம் மாதிரி தெரியும், ஆனா மத்தியானம் யாருக்கும் வேண்டாத கரண்ட்தான் ராத்திரி 7 மணிக்கு தங்கமாகுது. 80கள்லயே கட்டிட்டோம், அதுக்கப்புறம் நீலகிரி குந்தாவுல 500 மெகாவாட்டுக்கு இன்னொண்ணு ஆரம்பிச்சு வருஷக்கணக்கா இழுத்ததை நினைச்சா வயிறு எரியுது.

தண்ணி எவ்வளவு சீக்கிரம் சொன்ன பேச்சு கேக்கும்னு பார்க்கணும்னா 2020 ஏப்ரல் 5 ஞாபகம் இருக்கா, ராத்திரி 9 மணிக்கு 9 நிமிஷம் எல்லாரும் லைட்டை அணைச்சோமே? நாடு முழுக்க ஏறக்குறைய 31,000 மெகாவாட் லோடு மளமளன்னு விழுந்துச்சு. கிரிட் விழல. முன்னாடியே நீர்மின் நிலையங்களை ஏத்தி வச்சு, லைட் அணைய அணைய இறக்கி, திரும்ப போடும்போது ஏத்தினாங்க. நிலக்கரியை மட்டும் நம்பியிருந்தா அந்த வேகத்துக்கு ஆடியிருக்க முடியாது. இப்ப பெரிய பேட்டரிகளும் வருது, செகண்டுக்குள்ள கேக்கும், விலையும் இறங்குது, ஆனா மணிக்கணக்கா தாங்கணும்னா எனக்கு இன்னும் மலைத்தண்ணி மேலதான் நம்பிக்கை.

கேள்வி: மாடியில 3 கிலோவாட் சோலார் போட்டேன். நல்ல வெயில்ல கரண்ட் கட்டானா வீட்டுலயும் ஃபேன் நின்னுடுது. ஏமாத்திட்டாங்களா? (வாசகர், மதுரை)

பதில்: இல்லைங்க. உங்களோடது கிரிட்டைப் பார்த்து ஓடுற இன்வெர்ட்டர் (சோலார் கரண்ட்டை வீட்டு கரண்ட்டா மாத்துற பெட்டி), கிரிட் செத்தா அதுவும் நின்னாகணும். இல்லன்னா கம்பத்துல ஏறி வேலை பார்க்கிற லைன்மேனுக்கு உங்க மாடியிலருந்து ஷாக் போகும். கட் நேரத்துலயும் ஃபேன் ஓடணும்னா பேட்டரியோட ஹைப்ரிட் இன்வெர்ட்டர் வேணும், அதுக்கு காசு தனி.