'மா' சிறப்புப்பெயரா? – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

குடியாத்தத்தில் ஏழாம் வகுப்புப் படிக்கும் என் மகள், தேர்வில் சிறப்புப்பெயருக்கு எடுத்துக்காட்டாக 'மா' என்று எழுதினாள். ஆசிரியர் அதை அடித்துவிட்டு, 'வேலூர், கபிலர் போல எழுதுக' என்று குறித்திருக்கிறார். எத்தனையோ மாமரங்கள் இருக்க, 'மா' எப்படிச் சிறப்புப்பெயராகும் என்ற ஐயம் எனக்கும் உண்டு. விளக்க வேண்டுகிறேன்.

ஒரு தந்தை, குடியாத்தம்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மகள் எழுதியது சரியான விடை. பெயர்களை இடுகுறி (காரணமின்றி இட்டு வழங்குவது), காரணம் (ஒரு காரணம் பற்றி வழங்குவது) என்று பகுக்கும் நன்னூல், அவ்விரண்டையும் பொது, சிறப்பு என மேலும் பகுக்கிறது. பலவற்றுக்கும் பொதுவாக வழங்கும் 'மரம்' இடுகுறிப் பொதுப்பெயர். அவற்றுள் ஓர் இனத்தை மட்டும் பிரித்துச் சுட்டும் 'மா' இடுகுறிச் சிறப்புப்பெயர். அவ்வாறே பறவை காரணப் பொதுப்பெயர், மரங்கொத்தி காரணச் சிறப்புப்பெயர். ஆங்கில இலக்கணமோ, ஒன்றற்கே உரிய பெயரா அன்றா என்று பார்த்துப் பிரிக்கிறது. அந்தக் கணக்கில் மாவும் மரமும் ஒரே பக்கத்தில்தான் நிற்கும். ஆங்கிலப் பாடத்தின் பகுப்புக்குத் தமிழ்ப் பாடத்தின் பெயரைச் சூட்டியதால் நேர்ந்த குழப்பம் இது என்றே கருதுகிறேன்.

ஒருவருக்கென இட்டு வழங்கும் பெயருக்குத் தொல்காப்பியம் ஆளும் 'இயற்பெயர்' என்ற சொல்லே நெருக்கமானது. சாத்தன், கொற்றன் என்பவை உரையாசிரியர்கள் காட்டும் சான்றுகள். சிறப்பினால் வந்த பெயரை இயற்பெயருக்கு முன்னே சொல்ல வேண்டும் என்றும் அந்நூல் விதிக்கிறது. 'தெய்வப்புலவன் திருவள்ளுவன்' என்பதில் முன்னது சிறப்புப்பெயர்; ஆனால் இங்கே 'சிறப்பு' குறிப்பது பெருமையை. ஒரே சொல் நூலுக்கு நூல் வேறு பொருளில் வருவதை மாணவர்க்குச் சொல்லியே ஆக வேண்டும்.

பொதுச்சொல்லே ஒன்றற்கு உரிய பெயராவதும் உண்டு; பழைய வட ஆற்காட்டிலேயே இதற்கு நல்ல சான்றுண்டு. வாலாஜாப்பேட்டை அருகே பாலாற்றின் குறுக்கே நிற்பதும் அணைக்கட்டு. வேலூர் மாவட்டத்தில் ஒரு வட்டத்தின் தலைமையிடமான ஊரும் அணைக்கட்டு. இரண்டையும் வேறுபடுத்த, ஆங்கிலத்தில் உள்ளதுபோல் தமிழில் பெரிய எழுத்து (capital letter) இல்லை. ஆயினும் வேலூர்ப் பேருந்து நிலையத்தில் 'அணைக்கட்டுக்கு எந்த வண்டி?' என்று கேட்டால் எவரும் ஊரைத்தான் நினைப்பர். வேலூர்க்காரர் வெறுமனே 'கோட்டை' என்றால், அது அகழி சூழ்ந்த அந்த ஒரு கோட்டையே. பொதுச்சொல், சொல்லப்படும் இடத்தால் ஒன்றற்கே உரியதாகிவிடுகிறது.

குறை கூறும் தொனியின்றி, நன்னூல் எழுத்தியலின் 62ஆம் நூற்பாவை அதன் உரையோடு ஆசிரியரிடம் காட்டுங்கள். மகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.