போர்ல இருந்த டாக்டர் தாத்தாவுக்கு நினைவுக்கல்: எங்கிருந்து ஆரம்பிக்கறது?

"எங்க தாத்தா ரெண்டாம் உலகப் போர்ல பர்மா பக்கம் மிலிட்டரி டாக்டர், திரும்பி வந்து கடைசி வரைக்கும் ஊர்லயே வைத்தியம் பாத்தாரு, அவருக்கு ரோட்டு முனையில சிலை வைக்கணும், என்ன செய்யலாம்"னு ஒரு வாசகர் கேட்டிருக்காரு.

சிலை வேணாம்ங்க, பொது ரோட்டுலயும் நடைபாதையிலயும் புதுசா சிலைக்கு அனுமதி குடுக்கக் கூடாதுன்னு 2013லயே சுப்ரீம் கோர்ட் சொல்லியாச்சு. ஒரு நினைவுக்கல் போதும், ஆனா அதுல எழுதுறது சரியா இருக்கணும்.

முதல்ல வீட்டு பழைய பெட்டியில மெடல் இருக்கான்னு தேடுங்க. நடுவுல அகலமா சிவப்பு, ரெண்டு பக்கமும் கருநீலத்துக்குள்ள ஆரஞ்சு கோடு, இப்படி ரிப்பன் இருந்தா அது பர்மா ஸ்டார், பர்மா போர்முனையில இருந்தவங்களுக்கு குடுத்த மெடல். பேர், ரேங்க் வெட்டியிருக்கான்னு லென்ஸ் வச்சு பாருங்க, பாலிஷ் மட்டும் போட்டுறாதீங்க, எழுத்து தேஞ்சிரும். ஒரு பேப்பர்ல இண்டியன் மெடிக்கல் சர்வீஸ்னும் இன்னொண்ணுல இண்டியன் ஆர்மி மெடிக்கல் கார்ப்ஸ்னும் இருந்தா குழம்பாதீங்க, 1943 ஏப்ரல்லதான் அந்த சர்வீஸையும் சேத்து பல பிரிவுகள ஒண்ணாக்கி அந்த கார்ப்ஸ உருவாக்கினாங்க. ஆபீசரா இருந்திருந்தா பிரிட்டிஷ் அரசிதழான லண்டன் கெசட்ல பேர் வந்திருக்கலாம், ஆன்லைன்ல இலவசமா தேடலாம், இனிஷியலயும் ஸ்பெல்லிங்கயும் மாத்தி மாத்தி போட்டு பாருங்க. காமன்வெல்த் போர்க்கல்லறை லிஸ்ட்ல பேர் இல்லன்னு மனசு ஒடைஞ்சிராதீங்க, அது இறந்தவங்களுக்கானது, உங்க தாத்தா உயிரோட திரும்பி வந்தவரு.

இதவிட அவசரமான வேலை ஒண்ணு இருக்கு. மிலிட்டரி பேப்பர் ஏதாவது ஆபீஸ்ல கிடக்கும், ஆனா அவர் ஊர்ல பாத்த வைத்தியம் அவர்கிட்ட ஊசி போட்டுக்கிட்டவங்க ஞாபகத்துல மட்டும்தான் இருக்கு, அவங்களுக்கும் இப்போ எண்பது தாண்டியிருக்கும், இந்த வாரமே போய் போன்ல ரெக்கார்ட் பண்ணிருங்க. எந்த ராத்திரி எந்த வீட்டுக்கு பிரசவம் பாக்க வந்தாரு, காசு இல்லாதவங்கள என்ன பண்ணாருன்னு கேளுங்க.

மிலிட்டரி டாக்டர் லெப்டினன்ட் கர்னல் ஆற்காடு ரங்கராஜ எடுத்துக்கோங்க. கொரியப் போர்ல நம்ம ராணுவ மருத்துவப் பிரிவான 60வது பாராசூட் ஃபீல்டு ஆம்புலன்ஸுக்கு அவர்தான் தலைமை, 1951 மார்ச்ல அமெரிக்கப் படையோட முன்சான்ல பாராசூட்ல குதிச்சாரு, மகாவீர் சக்ரா வாங்கினாரு. அதத்தான் எல்லாரும் சொல்றாங்க. பின்னாடி உலக சுகாதார நிறுவனத்துக்காக ஆப்கானிஸ்தான்ல பெரியம்மைய ஒழிக்க அவர் ஒழைச்சத யாருமே பெருசா பேசறதில்ல, எனக்கு அது ரொம்ப வருத்தம். உங்க கல்லுலயும் அப்படி ஆயிரக் கூடாது, யூனிட், ரேங்க், வருஷம் ரெண்டு வரி, ஊருக்கு செஞ்சது ரெண்டு வரின்னு சமமா போடுங்க, "மாவீரர்" மாதிரி அடைமொழி எதுவும் வேணாம்.

உங்க தாத்தா கிளினிக் இருந்த கட்டடம் சொந்தமா இருந்தா அங்கயே வைங்க, ஆரம்ப சுகாதார நிலையமோ ஸ்கூலோன்னா எழுத்துல அனுமதி வாங்குங்க. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துலயும் ஒரு வார்த்தை சொல்லி வைங்க. வாசகம் தயாரானதும் கல்லு வெட்ட குடுக்கறதுக்கு முன்னாடி எனக்கு அனுப்புங்க, வருஷத்தையும் யூனிட் பேரையும் சரி பாத்து தரேன்.