சபை வாய் திறக்கட்டும்

கேள்வி: மகள் சிகாகோவில் இருக்கிறாள். நான் போயிருந்தபோது, அந்த வட்டாரத்துக் கறுப்பினக் கவிஞர்களும் எழுத்தாளர்களும் தங்கள் எழுத்தை வாசிக்கும் கூட்டத்துக்கு அழைத்துப் போனாள். கவிதை பாதியில் இருக்கும்போதே ஜனங்கள் குரல் கொடுத்தார்கள். அது மரியாதைக் குறைவு இல்லையா? ஆனாலும் எங்கள் ஊரில் அப்படி ஒன்று நடத்த ஆசை.
— வாசகி, கருங்கல்

பதில்: மரியாதைக் குறைவே இல்லை. அவர்களுடைய தேவாலயங்களில் போதகர் ஒரு வரி சொன்னால் சபை பதில் சொல்லும். அடிமைகளாக வயலில் உழைத்த காலத்துப் பாட்டிலும் ஒருவர் எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் வாங்கிப் பாடினார்கள். சபை சும்மா இருந்தால்தான் வாசிப்பவருக்குக் கலக்கம். நமக்கும் இது புதிதில்லை. சின்ன வயதில் கோயில் கொடைவிழாவுக்கு வில்லுப்பாட்டு கேட்கப் பாட்டியோடு போவேன். தலைமைப் பாடகரான அண்ணாவி வீசுகோலால் வில்லைத் தட்டிக் கதை சொல்லும்போது, பக்கத்தில் இருப்பவர்கள் 'ஆமா' போடாவிட்டால் கதை நகராது.

சிகாகோ என்றதும் எனக்குக் கறுப்பினக் கவிஞர் க்வெண்டலின் புரூக்ஸ் நினைவுக்கு வருகிறார். அந்நகரின் தெற்குப் பகுதியில், தன் ஜன்னலிலிருந்து தெரிந்த தெருவையும் மனிதர்களையும் எழுதியவர். 1950இல் புலிட்சர் பரிசு பெற்றார். அதைப் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவர்தான். அப்புறம் பெரிய பதிப்பகத்தை விட்டு, டட்லி ராண்டல் என்ற கறுப்பினக் கவிஞர் 1965இல் டெட்ராய்ட்டில் தொடங்கிய சின்னப் பதிப்பகத்துக்குத் தன் நூலைக் கொடுத்தார். ஒரு தாளில் ஒரு கவிதை என்று அச்சிட்டு விற்று ஆரம்பித்த பதிப்பகம் அது. நீங்களும் அப்படி ஒற்றைத் தாள் அச்சடித்து, வருகிறவர்கள் கையில் கொடுக்கலாம்.

சரி, எப்படி நடத்துவது? மேடை வேண்டாம். நாற்காலிகளை வட்டமாகப் போடுங்கள். பெரிய பெயர்களைத் தேடி நாகர்கோவிலுக்கு ஓடாதீர்கள். ரப்பர் பால் வெட்டுகிறவர், வள்ளத்தில் போகிறவர், தையல்காரர் என்று உங்கள் ஊரிலேயே நோட்டில் எழுதி வைத்திருக்கிறவர்கள் உண்டு. அவர்களைத் தேடிப் போய் அழையுங்கள்.

சில வருடங்களுக்கு முன் நான் பேசப் போன ஒரு கூட்டத்துக்கு, அண்டியாபீஸில், அதாவது முந்திரிக்கொட்டை ஆலையில், வேலை செய்யும் ஓர் அக்கா வந்திருந்தார். விரல்களில் அண்டிக்கறை. மகளின் பழைய நோட்டில் ஆறு பக்கம் எழுதியிருந்தார். முன்னிலை, வாழ்த்துரை, சிறப்புரை, பொன்னாடை என்று ஏழரை மணி ஆகிவிட்டது. கடைசி பஸ் போய்விடுமே என்று நோட்டை மடக்கிக்கொண்டு எழுந்து போனார். நேரத்தைத் தின்றவர்களில் நானும் ஒருத்தி. அந்த ஆறு பக்கத்தில் என்ன இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அதனால் சொல்கிறேன்: யாருக்குக் கடைசி பஸ்ஸோ, அவர் முதலில் வாசிக்கட்டும். வாழ்த்துரையே வைக்காதீர்கள்.

இன்னொன்று. உங்கள் விளவங்கோட்டு வட்டாரப் பேச்சில் எழுதியிருந்தால் அப்படியே வாசிக்கச் சொல்லுங்கள். யாரும் திருத்த வேண்டாம். கறுப்பினக் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் 1920களில் தன் ஜனங்களின் பேச்சையும் அவர்களுடைய புளூஸ் என்ற பாட்டின் தாளத்தையும் கவிதைக்குள் கொண்டுவந்தபோது, படித்த கறுப்பினத்தவர்களிலேயே சிலர் முகம் சுளித்தார்கள். அவர் விடவில்லை.

தேதி முடிவானதும் எழுதுங்கள். வருகிறேன், கேட்பதற்கு மட்டும்.

கேள்வி: அமெரிக்கக் கறுப்பினத்தவரின் முதல் கவிதை நூல் எது?
— கல்லூரி மாணவர், மார்த்தாண்டம்

பதில்: 1773இல் வந்த ஃபிலிஸ் வீட்லியின் நூல். ஏழெட்டு வயதில் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டு, பாஸ்டனில் அடிமையாக விற்கப்பட்டவர். அங்கே அச்சிட ஆள் கிடைக்காமல், நூல் லண்டனில் அச்சானது. இதை எழுதியது இந்தப் பெண்தான் என்று பாஸ்டனின் பெரிய மனிதர்கள் கையெழுத்திட்ட சான்றையும் அதில் சேர்க்க வேண்டியிருந்தது. ஃபிலிஸ் என்பது அவரை ஏற்றி வந்த கப்பலின் பெயர். அம்மா வைத்த பெயர் எங்கும் பதிவாகவில்லை.